ஓட்டை போடாத பாராசூட்

கார்னெட் ஊரில், கோடையில் வெளியே நெருப்பு மூட்டக்கூடாது என்று போடும் தீத்தடை நீங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வானொலி கேட்க வேண்டாம், பூங்கா வாசலில் இருக்கும் பலகையையும் பார்க்க வேண்டாம். டெல்மர் ஹாஃப்ஸ்டாட் வீட்டு கராஜ் கதவைப் பார்த்தால் போதும். திறந்திருந்தால், மலையில் முதல் பனி விழுந்து, புல் நனைந்து, மாவட்ட நிர்வாகம் மனமிரங்கிவிட்டது என்று அர்த்தம். மூடியிருந்தால் கோடை இன்னும் முடியவில்லை. காலண்டர் என்ன சொன்னாலும் சரி.

அந்தத் தடையால் ஊரிலேயே அதிகம் வாடியவர் டெல்மர்தான். அதை ஊரிலேயே அதிகம் ஆதரித்தவரும் அவரேதான். வெடிமருந்து மோட்டாரில் பறக்கும் சின்ன ராக்கெட்டுகளைக் கட்டும் எங்கள் கழகத்தில் மற்றவர்களெல்லாம் ஜூன் மாதம் தொடங்கி நிர்வாகத்தைத் திட்டுவோம். எங்கள் கழகத் தலைவி நடீன், பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், வாய் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகளிடம்கூட இதைப் பற்றிப் புலம்புவாள் என்று கேள்வி. ஒரு ஜூலையில் அவள் டெல்மரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"கோல்ஃப் மைதானம் பச்சைப் பசேல்னு இருக்கு டெல்மர். இப்பதான் தண்ணி அடிச்சிருக்காங்க. இருக்கிறதுலயே சின்ன மோட்டார் ஒண்ணு. ஒரே ஒண்ணு."

"மைதானம் பச்சையா இருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் எதுக்குப் போகப் போகுது?"

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. சொன்னப்ப நான்தான் ஃபோனை எடுத்தேன்."

டெல்மர் முப்பது வருஷத்துக்கு மேல் மாவட்ட அவசர உதவி மையத்தில் தொலைபேசி எடுத்தவர். மலையடிவாரத்தில் எங்கே புகை கிளம்பினாலும் அது முதலில் அவர் காதில்தான் கிளம்பும். புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து பொறி பறக்கவிட்டவன், இறைச்சி சுட்டுவிட்டுக் கரியைக் கொட்டியவன், சும்மா சிகரெட்டைச் சுண்டியவன் என்று எல்லோரும் அழுதுகொண்டே அவரிடம்தான் பேசினார்கள். அவர் அழவில்லை. அழுவதற்கு அந்த வேலையில் இடமில்லை. "என்ன ஆச்சு" என்றுகூட முதலில் கேட்கக்கூடாதாம். "எந்த முகவரியிலிருந்து பேசுறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இடையில் தொடர்பு அறுந்துபோனாலும் வண்டியை அனுப்ப முகவரி இருக்கும் அல்லவா. பிறகு, எதிர்முனை சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை அவர்கள் தனியாக இருப்பார்கள் என்றால் மட்டும், "லைன்லயே இருங்க, நான் இருக்கேன்" என்று சொல்லலாம். மற்றபடி, வேலை முடிந்ததும் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அடுத்தவர் காத்திருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவர் யாரும் காத்திருக்கவில்லை.

மனைவி லோர்னா அதற்கு முன்பே ஒரேகான் மாநிலத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. "உன்கிட்ட பேசுறது புகார் குடுக்கிற மாதிரியே இருக்கு டெல்மர்" என்று மட்டும் சொன்னாளாம். அவர் அதையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டிருப்பார் என்பது என் ஊகம். மகன் அலாஸ்காவில் மீன் பதப்படுத்தும் ஆலையில் இருக்கிறான், குறுஞ்செய்தி அனுப்புவான். குறுஞ்செய்தி மணியடிக்காது என்பது டெல்மரின் குறை. சமையலறைச் சுவரில், நீளமான சுருள் கம்பியோடு தொங்கும் அந்தப் பழைய ஃபோன் அடிப்பதென்றால், யாராவது கார் காப்பீடு விற்க வேண்டும். அவர்களிடமும் அவர் பழக்க தோஷத்தில் "எந்த முகவரியிலிருந்து பேசுறீங்க?" என்று கேட்டுவிடுவார். அவர்கள் உடனே வைத்துவிடுவார்கள். ஏமாற்றுக்காரர்களே பயந்து ஓடும் ஒரே வீடு எங்கள் ஊரில் அதுதான்; அவருக்கோ அதில் வருத்தம்.

அவர் ராக்கெட்டுக்கு வந்த கதை இதுதான். ஓய்வு பெற்ற வருஷம், எங்கள் கழகத்து ராக்கெட் ஒன்று காற்றில் மிதந்துபோய் அவர் வீட்டுப் பின்பக்கத்தில் விழுந்தது. ராக்கெட்டின் மேல் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும் என்பது எங்கள் விதி, கண்டெடுப்பவர்கள் கூப்பிடுவதற்காக. டெல்மர் கூப்பிட்டார். அதன் சொந்தக்காரன் வந்தான், நன்றி சொன்னான், வேலியில் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனான். டெல்மர் அன்றைக்கு யோசித்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு மனிதன் உங்களைக் கூப்பிட்டே தீரவேண்டும் என்று ஒரு ஏற்பாடு உலகத்தில் இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு அட்டைக் குழாய், பால்சா என்ற லேசான மரத்தில் நான்கு வால் துண்டுகள், ஒரு மோட்டார். அடுத்த மாதம் கழகத்தில் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்த வேகத்தில் அவரைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கிவிட்டோம். அதற்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்தார். ஒவ்வொரு ராக்கெட்டையும் கையில் வாங்கி, மோட்டார் சரியாக அமர்ந்திருக்கிறதா, பாராசூட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே தீப்பிடிக்காத தாள் வைத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே ஏவுகம்பியில் ஏற்றவிடுவார். மலையிலிருந்து மேல்காற்று இறங்கும் நாட்களில் இரண்டு கட்டளைகள். ஒன்று, பாராசூட்டின் நடுவில் வட்டமாக ஓட்டை வெட்ட வேண்டும். காற்று அதன் வழியே ஒழுகிவிட்டால் ராக்கெட் அதிகம் மிதக்காமல் சட்டென்று இறங்கும். இரண்டு, ஏவுகம்பியைக் காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் காற்று அதைத் திரும்ப நம் பக்கமே கொண்டுவரும். மெடோலார்க் பூங்கா பெரிய பூங்கா இல்லை. கிழக்கே வேலி, அதற்கப்பால் ஒரு வாய்க்கால், பிறகு குதிரை லாயம், இப்போது புதிதாக வீடுகள்.

இவ்வளவு சொல்கிறவரின் ராக்கெட்தான் ஒவ்வொரு முறையும் வேலி தாண்டிப் போகும்.

"உன் ராக்கெட்டுக்கு ஊர் சுத்துற வியாதி" என்பாள் நடீன். டெல்மருக்குச் சொல்லத் தெரிகிறது, செய்யத் தெரியவில்லை என்று கழகத்தில் ஒரு செல்லமான அபிப்பிராயம் உருவாகிவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு வசந்த காலத்தில் அவருடைய ராக்கெட்டைப் பிடித்துக்கொள்ள நேரும்வரை. மூக்குக் கூம்பு கழன்று பாராசூட் வெளியே சரிந்தது. முழு வட்டம், ஓட்டையே இல்லை. ஏவுகம்பியைப் பார்த்தேன். கோயில் கொடிமரம் மாதிரி நேராக நின்றது.

"டெல்மர், உன்னோடதுல ஓட்டை இல்லையே."

"ஓட்டை போட்டா இங்கயே இறங்கிடும்."

"அதுக்குத்தானே ஓட்டை?"

"இங்கயே இறங்கினா யார் ஃபோன் பண்ணுவா?"

மோட்டாரின் எடையைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் மூக்குக் கூம்பை மாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து மற்றவர்களுக்குத் தெரியாத பலவும் எனக்குத் தெரியத் தொடங்கின. அவர் எண்ணை மட்டும் ஏன் சாலைப் பலகை மாதிரி மஞ்சளில், நான்கு வாலிலும் பெரிதாக எழுதுகிறார் என்பது உட்பட.

அவருக்கு எதிரி ஒன்று உண்டு என்றால் அது கழகத்தின் நல்ல மனசுதான். யாருடைய ராக்கெட் தொலைந்தாலும் எல்லோருமாகப் போய்த் தேடுவது எங்கள் வழக்கம். நடீன் முன்னால் நடப்பாள். நாங்கள் வரிசையாகப் பரவி, புல்வெளி நாய் என்று நாங்கள் சொல்லும் அணில் ஜாதிப் பிராணிகளின் வளைக்குள்கூடக் குனிந்து பார்ப்போம். "விடுங்க, போகட்டும்" என்பார் டெல்மர். அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் தீவிரமாகத் தேடுவோம். கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால் "நன்றி" என்று வாங்கிக்கொள்வார். அந்த நன்றியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பேருந்தைத் தவறவிட்டவனிடம் குடை கொடுத்தால் சொல்வானே, அப்படி இருக்கும்.

எங்களிடமிருந்து தப்பி நிஜமாகவே தொலைந்தவற்றுக்கு அழைப்பு வரும். அப்போது என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாதக்கணக்கில் காத்திருந்த மனிதர், எடுத்தவுடன், "எந்த முகவரியிலிருந்து பேசுறீங்க?" என்பார். எதிர்முனை திகைத்து முகவரி சொல்லும். அவர் திருப்பிச் சொல்வார். "யாருக்காவது அடிபட்டதா? இல்ல. சரி. வர்றேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அழைப்பு வந்த சந்தோஷம் அழைப்பு முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

லாயக்காரி எலோய்ஸா பாக்கா கூப்பிட்டபோதும் அப்படியே. ராக்கெட் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, ஒரு கிழட்டுக் குதிரை பாராசூட்டை நக்கிக்கொண்டிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். இவர் முகவரியை உறுதிப்படுத்திவிட்டு வைத்துவிட்டார். போனபோது அவள் வெளியே போயிருந்தாள்; ராக்கெட் வாசல் கம்பத்தில் ஒரு பையில் தொங்கியது. அடுத்த முறை அவள் இருந்தாள். இவர் வண்டியை அணைக்காமலே இறங்கி, வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

"குதிரைக்குப் பேரு பிஸ்கட்னு சொன்னா" என்று என்னிடம் தெரிவித்தார்.

"நீ கேட்டியா?"

"இல்ல. அவளாத்தான் சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"பிஸ்கட்னு சொன்னேன். உறுதிப்படுத்தினேன்."

இந்த வருஷக் கோடை மோசமாக இருந்தது. தடை சீக்கிரமே வந்தது. ஜூலையில் மேற்கே இரண்டு மலைகள் எரிந்தன. சூரியன் பகலெல்லாம் செம்பு நாணயம் மாதிரி தொங்கியது. கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தோம். டெல்மர் மூடிய கராஜுக்குள் ராக்கெட் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முறை போய்ப் பார்த்தேன். அலமாரி நிறைய மஞ்சள் எண்கள். எல்லாம் ஒரே எண்தான். எங்கே பார்த்தாலும் அவரைக் கூப்பிடச் சொல்லும் அறையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் கடைசியில் ஈரப்பனி விழுந்தது, தடை நீங்கியது, கராஜ் கதவு திறந்தது. வழக்கமாக நாங்கள் கூடும் பான்கேக் கடையில், நடீன் சிரப் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பூங்கா ஆபீஸ்ல கூப்பிட்டுப் பேசினாங்க. போன வசந்தத்துல ஒரு ராக்கெட் புது வீடுகள் பக்கம், காய்ஞ்ச புல்லுல விழுந்திருக்கு. ஒண்ணும் ஆகல. ஆனா அங்க ஒருத்தர் புகார் குடுத்துட்டார். சனிக்கிழமை அவங்க ஆள் வந்து நின்னு பார்ப்பாராம். ஒரு ராக்கெட் வேலி தாண்டினாலும் சரி, இனி பூங்கா நமக்கு இல்ல. அவ்வளவுதான்."

யாரும் டெல்மரைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தோம். அது இன்னும் மோசம்.

"அது என்னோடதுதான்" என்றார் டெல்மர். "அவர் எனக்குக் கூப்பிடல. ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கார்."

அவர் குரலில் குற்ற உணர்ச்சியை எதிர்பார்த்த நடீனுக்கு இது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான்கு வாலிலும் எண் இருந்தும் வேறு எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறான் ஒரு மனிதன்.

"சனிக்கிழமை எல்லார் பாராசூட்டுலயும் ஓட்டை இருக்கணும்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "கம்பி காற்றுப் பக்கம் சாயணும். நான் பார்த்துத்தான் ஏத்துவேன்."

"உன்னோடத யார் பார்ப்பாங்க?" என்றாள் நடீன், சிரித்துக்கொண்டுதான்.

"நான்தான்."

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கேள்வி. தீக்காலம் வருஷத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. மீதியில் காற்றும் பனியும் போக, பறக்கவிடும் நாட்கள் கொஞ்சம். அந்த நாட்களிலும் ராக்கெட் காலடியிலேயே இறங்கினால், அந்தச் சமையலறை ஃபோன் இனி எதற்காக அடிக்கும்? மறுபக்கம், அது வேலி தாண்டினால் எங்கள் எல்லோருக்கும் பூங்கா போய்விடும், அவருக்கும்தான்.

சனிக்கிழமை தரையில் பனி கரைந்துகொண்டிருந்தது. பூங்கா ஆள் தன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார். நடீன் அவருக்கு டோநட் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை ஒரு சாட்சிப் பொருள் போல வாங்கி வைத்துக்கொண்டார். காலை முழுக்க டெல்மர் ஒவ்வொன்றையும் சோதித்து ஏற்றினார். "வானம் காலி. தரை காலி" என்று அவர் குரல் கொடுக்க, ஐந்திலிருந்து எண்ணி, பொத்தானை அழுத்தி, ஒவ்வொன்றாக அனுப்பினோம். எல்லாம் சமர்த்தாக மேலே போய் சமர்த்தாகக் கீழே வந்தன. ஆறு மாதம் மூக்கில் ஏறாத கந்தக வாசனை. எல்லோருக்கும் முகம் மலர்ந்திருந்தது.

கடைசியாக அவருடையது. அதற்குள் மேல்காற்று இறங்கத் தொடங்கிவிட்டது. வாய்க்கால் ஓரத்துப் பாப்ளர் மரங்கள் மொத்தமாகக் கிழக்கே குனிந்தன. கோடை முழுக்கக் கட்டிய பெரிய ராக்கெட் அது. என் இடுப்பு உயரம். அதை மேஜையில் படுக்க வைத்து, மூக்குக் கூம்பைக் கழற்றி, பாராசூட்டை வெளியே எடுத்தார். ஆரஞ்சு நிறம். முழு வட்டம்.

மற்றவர்களுக்கு அவர் அதைச் சோதிப்பதாகத்தான் தோன்றியிருக்கும். அதை விரித்துப் பிடித்துக்கொண்டு கிழக்கே, வேலிக்கு அப்பால் பார்த்தார். லாயத்துக் கூரை தெரிந்தது. பிறகு கையை நீட்டினார்.

"நடீன், கத்தரிக்கோல்."

"என்ன டெல்மர், நீயே மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

வட்டம் அழகாக வரவில்லை. வெட்டிய துண்டைக் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்பியைக் காற்றுப் பக்கம் நன்றாகவே சாய்த்தார். வானம் காலி, தரை காலி.

ராக்கெட் மலையை நோக்கிப் போனது, ஒரு புள்ளியானது, ஆரஞ்சாக விரிந்தது, காற்றில் பின்னோக்கி வந்தது. மேஜைக்கு எதிரே, யாரும் ஓட வேண்டிய அவசியமில்லாத தூரத்தில், பனிச்சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பூங்கா ஆள்கூட டோநட்டோடு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

"முதல் தடவையா உன் சாமான் ஒழுங்கா வீட்டுக்கு வந்திருக்கு" என்று நடீன் அவர் முதுகில் தட்டினாள். பூங்கா பிழைத்த சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டெல்மர் ராக்கெட்டை எடுத்து வாலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்த கடிதத்தை வைத்துக்கொண்டிருப்பவர் மாதிரி நின்றார்.

ஏவுமேடைகளையெல்லாம் அவர் கராஜில்தான் வைப்பது. பிற்பகலில் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இருவருமாக இறக்கத் தொடங்கினோம். டெல்மர் ராக்கெட்டை அலமாரியில், பறக்காத மற்றவற்றின் நடுவே நிறுத்தினார். வழக்கமாக அங்கே அந்நேரம் காலியிடம்தான் இருக்கும்.

"அடுத்த மாசம் தெக்க ஒரு பெரிய மைதானம் இருக்காம்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ம்."

அப்போது உள்ளே ஃபோன் அடித்தது. கராஜிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவு திறந்தே இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லா ராக்கெட்டும் அலமாரியில் இருந்தன.

"காப்பீடுக்காரனா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

"எந்த முகவரியிலிருந்து பேசுறீங்க?" என்று கேட்டது அவர் குரல். பிறகு, "ஆமா. லாயம். தெரியும்."

நான் ஏவுமேடையைத் தரையில் வைத்தேன்.

"ஒண்ணும் விழலையா. ஆமா, விழாது. இன்னைக்கு எதுவும் அந்தப் பக்கம் வரல." இடைவெளி. "காலையிலிருந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்களா... நம்பர் எப்படி? ஓ. வால் துண்டு. மஞ்சள்ல. அது வசந்தத்துல உடைஞ்சது. வச்சுக்கோங்க." இன்னும் நீண்ட இடைவெளி. "எனக்கா? எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அதற்கு மேல் அவரிடம் கேள்வி இல்லை. முகவரி தெரியும், அடிபட்டவர் யாரும் இல்லை, எடுத்துவரப் போக வேண்டிய பொருளும் இல்லை. இந்த இடத்தில் அவர் வைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். கதவு வழியே பார்த்தேன். ஃபோனைக் காதிலிருந்து பாதி எடுத்துவிட்டார். திரும்பவும் காதில் வைத்தார்.

"பிஸ்கட்," என்றார். "பிஸ்கட் எப்படி இருக்கு?"

எதிர்முனை ஏதோ சொன்னது. டெல்மர் வழக்கம் போல அதைத் திருப்பிச் சொன்னார், மெதுவாக.

"செத்துப் போச்சு. ஆகஸ்ட்ல. புகையில."

பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். சுருள் கம்பி முழுதாக நீள்கிற அளவுக்கு நடந்துபோய், காலால் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் ஃபோனுக்கு அருகே நாற்காலி இருந்து நான் பார்த்ததில்லை. முப்பது வருஷம் ஊருக்கே சொன்ன குரலில், சற்றும் மாற்றமில்லாமல், அவர் சொன்னார்:

"லைன்லயே இருங்க. நான் இருக்கேன்."

மீதி மேடைகளை நானே இறக்கினேன். கனமானவைதான். கடைசி ஒன்றை வைத்துவிட்டுப் பார்த்தபோது அவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்த அந்த ஆரஞ்சுத் துண்டை மேஜையில் வைத்து விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஃபோன் காதிலேயே இருந்தது. கராஜ் கதவை இறக்கலாமா என்று யோசித்தேன். தடைதான் நீங்கிவிட்டதே என்று திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.